பூந்தமல்லி தனி நீதிமன்றம்: ஃபிலிம் சுருளிலிருந்து சர்வர் வரை

நம்மூர் நீதிமன்றத்தின் பெயரை நாடறியச் செய்தது ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த படுகொலை தொடர்பாக, அதே பெங்களூரு நெடுஞ்சாலையையொட்டிய பூந்தமல்லியின் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றத்தில் 288 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 1998 ஜனவரி 28 அன்று நீதிபதி நவநீதம் 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார். மறு ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நால்வருக்கு மட்டும் உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனை. மற்ற 19 பேரும் வெளியே வந்தனர்.

அவ்வழக்கில் துப்புத் துலங்க உதவியது, குண்டுவெடிப்பில் இறந்த ஹரிபாபுவின் கேமரா. ஃபிலிம் சுருள் சம்பவ இடத்திலேயே கிடைத்துவிட்டது. எட்டாத தொலைவில் இருந்தவர்கள் முதன்மையான குற்றஞ்சாட்டப்பட்டவர்கள்தாம்: விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனை ஒப்படைக்கும்படி 1995இல் இந்தியா இலங்கையிடம் முறைப்படி கேட்டது. அன்று சான்று இங்கே, ஆள் அயல்நாட்டில். இன்று ஆள் இங்கே இருக்கிறார். சான்றுதான் அயல்நாட்டு சர்வரில் இருக்கிறது.

இடையில் வந்தது பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். 2002இல் திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காகக் கைதான வைகோவின் வழக்கும் இங்குதான் வந்தது. பேச்சு எந்த இடத்தில் குற்றமாகிறது என்ற கேள்விக்கு, 2003 டிசம்பரில் பொடா சட்டம் குறித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது: பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நோக்கமின்றி வாயளவில் ஆதரவு தெரிவிப்பது மட்டும் குற்றமாகாது. மேடைப் பேச்சுக்குச் சொன்ன அந்த அளவுகோல் டெலிகிராம் பதிவுக்கும் வழிகாட்டத் தக்கது.

மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008இல் தேசியப் புலனாய்வு முகமை பிறந்தது. அதன் வழக்குகளும் இங்கு வரத் தொடங்கின. 2022 அக்டோபர் 23 கோவை உக்கடம் கார் வெடிப்பு வழக்கின் குற்றப்பத்திரிகை 2023 ஏப்ரலில் இங்கே தாக்கலானது. வாட்ஸ்அப், டெலிகிராம், இணையவழி வகுப்புகள் மூலம் இளைஞர்களைத் தீவிரவாதத்துக்கு இழுத்ததாகத் தனி வழக்கும் உண்டு. அவை நிரூபிக்கப்பட வேண்டிய குற்றச்சாட்டுகள். நிரூபிக்கும் வழியோ நீண்டது.

அயல்நாட்டு சர்வரில் உள்ள தரவைப் பெற, புலனாய்வு அதிகாரி முதலில் மத்திய உள்துறையின் இசைவைப் பெற வேண்டும். பிறகு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 112ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். நீதிமன்றம் தரும் வேண்டுகோள் கடிதம் டெல்லி வழியாக அயல்நாட்டுக்குப் போகும். அமெரிக்காவோடு 2005 முதல் பரஸ்பரச் சட்ட உதவி ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. என்றாலும் மின்னஞ்சலின் உள்ளடக்கத்தைப் பெற அந்நாட்டு நீதிமன்றத்தின் வாரண்ட் தேவை. இங்கே குற்றமாகும் பேச்சு அங்கே பேச்சுரிமையாக இருந்தால் கோரிக்கை நின்றுவிடலாம். தரவை அழிக்காமல் வைக்கும்படி கேட்டால் அங்குள்ள நிறுவனம் 90 நாள் வைத்திருக்கும். மேலும் 90 நாள் நீட்டிக்கலாம். பதில் வரவோ மாதக்கணக்கில் ஆகும்.

உளவுத் தகவல் இவ்வளவு காத்திருப்பதில்லை. இலங்கையின் ஈஸ்டர் தாக்குதல் பற்றி 2019 ஏப்ரல் 4 அன்றே இந்தியா கொழும்பை எச்சரித்தது. 21ஆம் தேதி 260க்கும் மேற்பட்டோர் மாண்டது தகவல் வராததால் அல்ல, வந்த தகவலின்மேல் நடவடிக்கை எடுக்காததால். ஆனால் எச்சரிக்கைக் குறிப்பை நீதிமன்றத்தில் சான்றாவணமாகக் குறியிட முடியாது. சைபர் குற்றம் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற சைபர் குற்ற உடன்படிக்கை இந்த இடைவெளியைக் குறைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும்.

தாமதத்தின் சுமை விசாரணைக் கைதியின் தலையில் விழுகிறது. யு.ஏ.பி.ஏ. எனும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் ஜாமீன் அரிது. மேலும், 112ஆம் பிரிவில் மனுச் செய்யப் புலனாய்வு அதிகாரிக்கோ அவருடைய மேலதிகாரிக்கோ மட்டுமே வழி உண்டு. தம் கட்சிக்காரர் அப்பதிவை இடவில்லை என்று காட்ட சர்வர் பதிவேடு தேவைப்படும் எதிரித் தரப்பு வழக்கறிஞருக்கு அந்த வழி இல்லை. அந்த உரிமையையும் சட்டத்தில் சேர்க்கும்படி நம் வழக்கறிஞர்கள் கேட்க வேண்டும். வந்து சேரும் தரவை அதன் ஹாஷ் மதிப்போடு ஒப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்யவும் இளையவர்கள் இப்போதே பழகிக்கொள்ள வேண்டும்.