சந்தா ஒழிந்த பின்னர் பரவிய டிஜிட்டல் ஒளிபரப்பு

பிரித்தானியாவில் தரைவழி டிஜிட்டல் தொலைக்காட்சி 1998இல் ஆரம்பமானது. வீட்டு அன்டெனாவே போதுமாயிருந்தும், மாதச் சந்தா அறவிட்ட ஒன்டிஜிட்டல் நிறுவனத்தை மக்கள் எதிர்பார்த்தளவு நாடவில்லை. ஐ.ரி.வி. டிஜிட்டல் எனப் பெயர் மாறிய அந்நிறுவனம், உதைபந்தாட்ட ஒளிபரப்புரிமைக்கு 31.5 கோடி பவுண் வழங்க உடன்பட்டு, 2002இல் வீழ்ச்சியடைந்தது. வருமானத்தை மீறிய பேராசை என்றே கூறவேண்டும்.

அவ்வாண்டு ஒக்டோபரில் பி.பி.சி. உள்ளிட்ட நிறுவனங்கள் ஃப்ரீவியூ சேவையைத் தொடக்கின. ஒரு பெட்டியை ஒரு தடவை வாங்கினால் போதும், சந்தா கிடையாது. அரசாங்கத்தின் காலக்கெடுவுக்குக் காத்திராமலே பெருந்தொகையானோர் மாறினர்.

2007இல் வைற்ஹேவனில் ஆரம்பித்த அனலொக் நிறுத்தம் 2012இல் வட அயர்லாந்தில் நிறைவுற்றது. இறுதிவரை பின்தங்கக்கூடியவர்கள் முதியோரே. ஆதலால் 75 வயதை எட்டியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பெட்டி வழங்கி, வீட்டுக்கே சென்று பொருத்திக் கொடுக்கும் திட்டம் நடைமுறையிலிருந்தது. அதற்கான நிதி தொலைக்காட்சி அனுமதிப்பத்திரக் கட்டணத்திலிருந்து ஒதுக்கப்பட்டது.