இசட்39.50: நூலகப் பட்டியல்களுக்கிடையே தேடல்

ஒரு நூலகத்தின் கணினியிலிருந்து வேறொரு நூலகத்தின் பட்டியலைத் தேடி, வேண்டிய பதிவுகளைப் பெற்றுக்கொள்ள வகுக்கப்பட்ட நெறிமுறை இசட்39.50. இசட்39 என்பது நூலகம், பதிப்புத் துறைகளுக்குத் தரம் வகுத்த அமெரிக்கக் குழுவின் குறியீடு. 50 என்பது தரத்தின் எண். 1988-இல் முதல் பதிப்பு வெளிவந்தது. 1992-இலும் 1995-இலும் விரிவாக்கப்பட்டது. 1998-இல் ஐஎஸ்ஓ 23950 என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. இணையத் தேடுபொறிகள் வந்ததும் வழக்கொழிந்த பழைய நுட்பம் என்று இதைச் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அதன் வரலாறு காட்டுவது வேறு. கணினிகளைப் பிணைப்பது எளிதாகவே முடிந்தது. 'தலைப்பு' என்ற சொல்லுக்கு எல்லா நூலகங்களும் ஒரே பொருள் கொள்வதுதான் முடியாமல் நின்றது.

பட்டியலைப் பகிரும் எண்ணம் கணினிக்கு முந்தியது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1901 முதல் அச்சிட்ட பட்டியல் அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்றது. ஒரு நூலை ஓரிடத்தில் ஒருவர் விவரித்தால் போதும், ஊருக்கு ஊர் அதையே திரும்பச் செய்ய வேண்டியதில்லை. அதே நூலகத்தில் ஹென்றியட் அவ்ராம் 1960-களில் உருவாக்கிய மார்க் வடிவம் அந்த அட்டையைக் கணினி படிக்கும்படி மாற்றியது. ஆசிரியர் பெயர் 100-ஆம் புலத்திலும் தலைப்பு 245-ஆம் புலத்திலும் இடம்பெற்றன. ஒஹாயோ மாநிலக் கல்லூரிகள் சேர்ந்து 1967-இல் தொடங்கிய ஓசிஎல்சி, பிரெட் கில்கோரின் தலைமையில், 1971 முதல் எல்லாப் பதிவுகளையும் ஒரே மையக் கணினியில் வைத்துப் பகிர்ந்தது. இப்படிப்பட்ட மையங்கள் பலவானபோது, ஒன்றிடம் இருப்பதை மற்றொன்று கேட்டறிய வழி தேவைப்பட்டது. அந்தத் தேவையிலிருந்து பிறந்ததே இசட்39.50.

இதன் நடைமுறை ஒரு உரையாடல் போன்றது. கேட்கும் கணினி தொடர்பைத் திறந்து வினாவை அனுப்பும். பதில் தரும் சர்வர் கிடைத்த முடிவுகளைத் தன்னிடமே தொகுப்பாக வைத்துக்கொண்டு, எத்தனை என்று மட்டும் முதலில் சொல்லும். பிறகு கேட்கக் கேட்கப் பதிவுகளை எடுத்துத் தரும். வினாவின் பொருளைக் குறிக்க 'பிப்-1' என்ற எண் தொகுதி உண்டு. 4 என்றால் தலைப்பு, 7 என்றால் ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண், 1003 என்றால் ஆசிரியர். சிக்கல் இங்கேதான் முளைத்தது. எண் 4 வந்ததும் ஒரு சர்வர் முதன்மைத் தலைப்பில் மட்டும் தேடும். இன்னொன்று தொடர்வரிசைத் தலைப்பையும் மாற்றுத் தலைப்பையும் சேர்த்துத் தேடும். சொல்லாகவா, தொடராகவா, முதலெழுத்துகள் மட்டும் பொருந்தினால் போதுமா என்று வினா குறிப்பிடாவிட்டால், ஒவ்வொரு சர்வரும் தன் விருப்பப்படி முடிவு செய்யும். ஒரே கேள்வியைப் பத்து நூலகங்களிடம் கேட்டால் பத்து வேறு கேள்விகளுக்கான விடைகள் வரும். தொழில்நுட்பக் கோளாறு என்று எதுவுமில்லாமலே முடிவு தவறாகிவிடும்; தேடுபவருக்கு அது தெரியவும் செய்யாது. இதைச் சீர்செய்யத்தான் 2000-இல் பாத் நெறித்தொகுப்பு வந்தது.

தமிழ் நூல்களைத் தேடுவோருக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. மார்க்கின் பழைய எழுத்துக் குறியீட்டுத் தொகுதியில் தமிழுக்கு இடமில்லை. எனவே காங்கிரஸ் நூலகத்தின் தமிழ்ப் பதிவுகள் ரோமன் எழுத்தில் ஒலிபெயர்க்கப்பட்டன. அந்த முறையில் லகரம் வெறும் 'எல்', ளகரம் அடியில் புள்ளியிட்ட 'எல்', ழகரம் அடியில் கோடிட்ட 'எல்'. புள்ளியையும் கோட்டையும் நீக்கிவிட்டுத் தேடும் சர்வரில் வலி, வளி, வழி மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். அவற்றை நீக்காத சர்வரில், குறிகளைத் தட்டச்சு செய்யத் தெரியாதவருக்கு 'வழி' என்ற சொல் கிடைக்கவே கிடைக்காது. நெறிமுறை இரண்டு இடங்களிலும் பிசகின்றி ஓடுகிறது; பொருள்தான் வழியில் உதிர்ந்துவிடுகிறது.

ஒவ்வொரு நூலகத்தையும் நேரடியாகக் கேட்கும் இந்த முறைக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நேரடியாகக் கேட்பதைக் கைவிட்டு, பதிவுகளை முன்கூட்டியே ஓரிடத்தில் சேகரித்துத் தேடினால் வேகமும் சீர்மையும் கிடைக்காதா? 1999-இல் சாந்தா ஃபேயில் நடந்த கூட்டத்திலிருந்து உருவான ஓஏஐ-பிஎம்எச் அறுவடை நெறிமுறை அந்த வழியில்தான் சென்றது. வேகத்தைப் பொறுத்தவரை இந்த வாதம் சரியே. நேரடித் தேடலில் மிக மெதுவான சர்வருக்காக மற்றவை காத்திருக்க நேரிடும். ஆனால் சேகரிப்பதால் பொருள் வேறுபாடு தீராது. அறுவடை செய்த பதிவில் 'தேதி' என்று ஒரு புலம் இருக்கும். ஒருவர் அதில் நூல் அச்சான ஆண்டை எழுதியிருப்பார், இன்னொருவர் அதை மின்னாக்கிய நாளை எழுதியிருப்பார். மேலும், ஓரிடத்தில் குவிந்த பதிவுகள் யாருடையவை என்ற கேள்வியும் எழும். 2008-இல் ஓசிஎல்சி தன் பதிவுகளின் மறுபயன்பாட்டுக்குப் புதிய விதிகளை அறிவித்தபோது நூலகங்களிலிருந்து கடும் எதிர்ப்பு கிளம்பியது. மறு ஆண்டே அவ்விதிகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. பதிவு தன் சொந்த நூலகத்திலேயே இருந்து, கேட்பவருக்குக் கேட்டபோது கிடைக்கும் ஏற்பாட்டில் இந்தத் தகராறுக்கு இடம் குறைவு.

இசட்39.50-இன் கேட்டுப் பெறும் முறையை இணையத்தின் எளிய மொழிக்குக் கொண்டுவந்த எஸ்ஆர்யூ 2000-களின் தொடக்கத்தில் வந்தது. பழைய நெறிமுறையும் மறையவில்லை. நியூசிலாந்தில் பிறந்த கட்டற்ற மென்பொருளான கோஹாவைப் பயன்படுத்தும் சிறிய நூலகத்தில், பட்டியலாக்கம் செய்பவர் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தருகிறார். தொலைவில் உள்ள பெரிய நூலகத்தின் மார்க் பதிவு அவர் திரைக்கு வருகிறது. அதைத் திருத்திச் சேமித்துக்கொள்கிறார். ஐஎஸ்பிஎன்னுக்கு எல்லோரும் ஒரே பொருள் கொள்வதால் இந்தத் தேடல் இடறுவது அரிது.