கதையும் கடனும்: மலாயா நகரத்தார் வணிகத்தில் குலவரலாற்றின் இடம்

முன்னுரை

வணிக வரலாற்றை முதல், வட்டி, இலாபம் ஆகியவற்றின் வரலாறாகவே காண்பது பெருவழக்கு. ஆயினும், கடல் கடந்த நாட்டில் பணம் கைமாற வேண்டுமாயின் அதற்கு நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கையை வளர்ப்பதில் ஒரு சமூகம் தன்னைப் பற்றிக் கூறும் கதைகளுக்கும் பங்குண்டு. 19ஆம் நூற்றாண்டு முதல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடன்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

குலவரலாறும் நாணயமும்

தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்தனர் என்றும், சோழ அரசன் ஒருவனது கொடுமையால் பாண்டிய நாட்டிற்குக் குடிபெயர்ந்தனர் என்றும், அங்கு இளையாத்தங்குடி முதலிய ஒன்பது கோவில்களைச் சார்ந்து வாழ்ந்தனர் என்றும் நகரத்தார் கூறுவர். இக்குலவரலாற்றுக்குப் பல வடிவங்கள் உள்ளன. அதன் கூறுகள் அனைத்தையும் கல்வெட்டுகளால் நிறுவ இயலாது. எனினும், அது வணிகத்தில் ஆற்றிய பணி ஆராயத்தக்கது.

நகரத்தார் ஒவ்வொருவரும் அவ்வொன்பது கோவில்களுள் ஒன்றைச் சார்ந்தவர். மணம் முடித்தவர் ‘புள்ளி’ எனக் கோவில் கணக்கில் இடம்பெற்றார். ஆகவே, ஒருவர் எக்கோவிலார், எவர் மகன், எவர் பெயரன் என்பது சமூகம் அறிந்த செய்தியாயிற்று. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் அமைந்த ‘விலாசம்’, குடும்ப வரலாற்றின் சுருக்கம் எனலாம். பினாங்கில் ஒருவர் வாக்குத் தவறினால், அந்த இழுக்கு செட்டிநாட்டிலுள்ள அவர் குடும்பத்தையும் சேர்ந்தது. ‘நாணயம்’ என்னும் தமிழ்ச்சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பது இங்கு எண்ணத்தக்கது.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்னும் வரிசையில் இளையோர் தொழில் பயின்றனர். கணக்கெழுதுவதோடு, யாரை நம்பலாம் என்பதையும் மூத்தோர் சொல்லக் கேட்டே அவர்கள் கற்றனர். 1859இல் டேங்க் சாலையில் எழுந்த தெண்டாயுதபாணி கோவில், வழிபாட்டோடு சமூகம் கூடும் இடமாகவும் விளங்கியது.

எதிர்க்கதை

கடன் கொடுத்தவர் கூறிய கதை ஒன்று. கடன் பட்டவர் கூறிய கதை வேறு. தமிழில் வணிகரைக் குறிக்கும் ‘செட்டி’ என்னும் சொல், மலாய் மொழியில் வட்டிக்குப் பணம் கொடுப்பவரைக் குறிப்பதாயிற்று. இச்சொற்பொருள் மாற்றத்திலேயே கடன் பட்டவரின் அனுபவம் பதிந்துள்ளது.

1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, அடகு வைத்த நிலத்தைச் சிறுநிலத்தார் இழக்கும் நிலை ஏற்பட்டது. 1931இல் கூட்டு மலாய் மாநிலங்களில் சிறுநில விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1913ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1933இல் மேலும் இறுக்கப்பட்டது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில், 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை, அப்பத்தாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. நிலம் வேண்டி அவர்கள் கடன் கொடுக்கவில்லை. கொடுத்த பணம் திரும்பாமையால் நிலம் அவர்களிடம் வந்தது. அவர்களுள் பலர் ஐரோப்பிய வங்கிகளிடம் தாமே கடன் பட்டிருந்தனர் என்பதும் கருதத்தக்கது. ஆயினும், இவ்விளக்கம் உழவரைச் சென்றடையவில்லை. குலவரலாறு உள்ளிருந்தோரைப் பிணைத்தது. கடன் பெற்ற உழவருக்கோ அதில் இடமில்லை. நெருக்கடி வந்தபோது நகரத்தாருக்காகப் பரிந்து பேசுவோர் சமூகத்திற்கு வெளியே அரிதாயினர்.

முடிவுரை

ஆகவே, கதை வணிகத்தின் அணிகலன் அன்று. அதன் முதலில் ஒரு பகுதி. அம்முதல் எவரிடம் செல்லும், எவரிடம் செல்லாது என்பதையும் கதையே வரையறுக்கிறது. வகுப்பறையில் நகரத்தாரின் கொடைச் சிறப்பை மட்டும் கற்பிப்பதும், வட்டிக் கொடுமையை மட்டும் கற்பிப்பதும் ஒருபுடைச் செய்திகளே. கணக்கேடுகள் தொகையைக் கூறும். கொடுத்தவர் அஞ்சியதையும் வாங்கியவர் இழந்ததையும் கூறா. எனவே, கிட்டங்கி வாழ்வை அறிந்த முதியோரின் நினைவுகளோடு, கடன் பெற்ற குடும்பங்களின் நினைவுகளையும் ஒருசேரத் தொகுப்பது இந்நாட்டுத் தமிழாய்வாளரின் கடமையாகும்.