கையொப்பமும் கள்ளச் சாட்சியும்

கண்டனூர் முதலிய செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், உண்டியலின் மதிப்பு ஒப்பமிட்டவரின் நாணயத்தைப் பொறுத்திருந்தது.

லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்போர்டில் வகுத்து 1998இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையும் இதனையொத்ததே. ஒரு தளத்துக்கு வரும் சுட்டிகளைச் சான்றாகக் கொண்டு, சுட்டுபவரின் தகுதிக்கேற்ப எடைபோட்டது. சான்றுக்கு விலை ஏற்பட்டதும் கள்ளச் சாட்சிகள் பெருகின: தம்முள் ஒன்றையொன்று சுட்டும் வெற்றுத் தளங்கள், காசுக்கு விற்ற சுட்டிகள்.

2005இல் வந்த ‘நோஃபாலோ’ குறி, பொறுப்பேற்கவியலாத சுட்டிகளைக் கணக்கினின்று விலக்க உதவியது. 2012 ஏப்ரலில் கூகுள் கொணர்ந்த பெங்குவின், பொய்ச்சுட்டி தேடிய தளங்களைக் கீழிறக்கியது. 2016இல் அம்முறை மாறி, அத்தகைய சுட்டிகளையே மதிப்பிழக்கச் செய்தது.

கள்ளச் சாட்சியால் பின்தள்ளப்படுவது, உழைத்தெழுதிய எளியவரின் பக்கமே. சுட்டி தருகையில் நாமும் ஒப்பமிடுகிறோம் என்பதை மறவாதிருப்போம்.