மரத்தடி தெரியாத படங்கள்

சிங்கப்பூர் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையத் தொகுப்பில் பிரிட்டிஷ் விமானப்படை எடுத்த வான்படங்கள் இருக்கின்றன. 1940களிலிருந்து 1970கள் வரை எடுத்தவை. தாத்தா பாட்டி இருந்த கம்பம், எஸ்டேட் லயம், இடித்துவிட்ட கோயில் எல்லாம் அதில் கிடைத்துவிடும் என்ற ஆசை யாருக்குத்தான் வராது? ஆசையோடு போகிறவர்கள் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இந்தப் படங்கள் நமக்காக எடுக்கப்பட்டவை அல்ல.

மலாயாவில் 1948இல் அவசரகாலம் தொடங்கியது. 1960 வரை நீடித்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளின் முகாம் எங்கே, அவர்கள் பயிர் வைத்த நிலம் எங்கே என்று கண்டுபிடிக்க மேலிருந்து எடுத்த படங்கள் தேவைப்பட்டன. வரைபடம் வரையவும் அவை வேண்டியிருந்தன. சிலேத்தார் தளத்திலிருந்த 81ஆம் ஸ்குவாட்ரன் இந்த வேலையைச் செய்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் கடைசியாகப் பணிக்குப் பறந்ததும் அங்கிருந்துதான். 1954 ஏப்ரல் 1ஆம் தேதி, ஜொகூர்க் காட்டின் மேல் படமெடுக்கப் போன பயணம் அது. பலரும் போர் விமானமாகவே அறிந்திருக்கும் ஸ்பிட்ஃபயரின் கடைசி ஆயுதம் ஒரு கேமரா.

சரி, எப்படித் தேடுவது? பட்டியல் ஆங்கிலத்தில் இருப்பதால் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும். அதுவும் பழைய பெயராக, பழைய எழுத்துக்கூட்டலில். இன்றைய யீஷூன் அன்று நீ சூன். அக்கம்பக்கத்துப் பெயர்களையும் போட்டுப் பாருங்கள். ஒரே படத்தில் நாலு ஊர் விழுந்திருக்கும், பட்டியலில் ஒன்றுதான் இருக்கும். சாலை, ஆறு, ரயில் பாதை, முகாம் என்று அதிகாரிகள் பெயர் வைத்த எதையும் பிடித்துக்கொண்டு போகலாம். நம்ம ஆட்கள் வாய்வழக்கில் வைத்த பெயரைப் போட்டால் ஒன்றும் வராது.

கிடைத்ததும் சேமிக்கிற அவசரத்தில் பலர் படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பதிவு எண்ணைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்து வையுங்கள். எண் போய்விட்டால் அந்தப் படத்துக்கு முகவரியே போய்விட்டது. பதிப்புரிமைக் குறிப்பையும் வாசியுங்கள். படத்தைப் பார்க்கலாம் என்பது ஒன்று, புத்தகத்தில் அச்சிடலாம் என்பது வேறு.

இனி படத்தை வாசிப்பது. ரப்பர் மரங்கள் நேர்கோட்டில் நிற்கும். தென்னையின் தலை நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கும். நீளமான கூரைகள் அருகருகே இணையாகக் கிடந்தால் லயமாகவோ தொழிலாளர் குடியிருப்பாகவோ இருக்கலாம். நிழலின் நீளம் கட்டடத்தின் உயரத்தைச் சொல்லும். அடுத்தடுத்த படங்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டுப் பரப்பு திரும்பவும் வரும்படி எடுப்பது அன்றைய வழக்கம். அப்படிப்பட்ட இரண்டை ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும்.

அளவும் சுலபமான கணக்குதான். 20 அங்குல லென்ஸோடு சுமார் 16,700 அடி உயரத்தில் பறந்தால் படத்தின் அளவு 10,000இல் ஒன்று. செம்பவாங் கடற்படைத் தளத்தில் 1938இல் திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறையின் நீளம் ஏறக்குறைய 1,000 அடி. அப்படிப்பட்ட படத்தில் அது 3 சென்டிமீட்டர், பளிச்சென்று தெரியும். அதே படத்தில் பத்தடிக் கொட்டகை ஒன்று 0.3 மில்லிமீட்டர். மையால் வைத்த புள்ளியைவிடச் சின்னது.

நம்முடைய சிக்கல் இந்த 0.3 மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் நிறையத் தமிழர்களும் மலையாளிகளும் வேலை பார்த்தார்கள். இன்று யீஷூனில் பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் அலைமோதும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், 1960களில் கான்பரா சாலைப் பக்கம் ஒரு மரத்தடியில் தொடங்கியது. பெயரிலேயே மரம் இருக்கிறது. காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலுக்கும் இப்படி ஒரு தொடக்கம் உண்டு. குவீன்ஸ்வே அருகே தண்டவாள ஓரத்தில் ரயில்வே தொழிலாளர்கள் 1930களில் ஒரு குடிசையில் வைத்துக் கும்பிட்ட சாமி அவர். மரத்தடியும் குடிசையும் மேலிருந்து பார்ப்பவனுக்கு என்ன? ஒன்று இலைத் தழை, மற்றது புள்ளி.

காட்டின் தழைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் அந்த விமானங்கள் பறந்தன. பல சமயம் தழைதான் ஜெயித்தது. போராளிகளை மறைத்த அதே தழை நம் சாமிகளையும் மறைத்துவிட்டது. படத்தில் தெரியவில்லை என்பதற்காக அங்கே யாரும் இல்லை என்று எழுதிவிட முடியுமா? வரலாற்றில் அந்தத் தவறு எளிதாக நடக்கும். படம் சாட்சி சொல்வது கூரைகளுக்குத்தான். கூரையில்லாமல் வாழ்ந்தவற்றுக்கு மனிதர்கள்தான் சாட்சி.

அதனால் தரவிறக்கிய படத்தைப் பெரிதாக அச்சிட்டு, அந்த ஊரில் வாழ்ந்த ஒரு பெரியவரிடம் எடுத்துப் போங்கள். முதலில் அவருக்கும் ஒன்றும் புரியாது. யாருமே தன் ஊரை வானத்திலிருந்து பார்த்ததில்லையே! சாலை எது, தண்டவாளம் எது என்று காட்டுங்கள். பிறகு அவர் விரலை நடக்க விடுங்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போன வழியைக் கேளுங்கள். எங்கே நின்று கும்பிட்டீர்கள், எந்தத் திடலில் கூத்து நடந்தது, கடன் கொடுத்த கடை எது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சொல்வதைப் பதிவு எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்கிற பெயரை அப்படியே தமிழில் எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

ஆவணக்காப்பகமே 2015இல் சிட்டிசன் ஆர்க்கிவிஸ்ட் என்ற திட்டத்தைத் தொடங்கி, விவரம் தெரியாத படங்களுக்கு விளக்கம் எழுதப் பொதுமக்களை அழைத்தது. காப்பகத்திடம் இல்லாதது மக்களிடம் இருக்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் நாட்டைவிட்டுப் போனாலும் எண் போட்ட படங்களை விட்டுப் போயிருக்கிறார்கள். அவற்றைப் பத்து வருஷம் கழித்தும் பார்த்துக்கொள்ளலாம். மரத்தடி எது என்று விரல் வைத்துக் காட்டக்கூடியவர்களுக்கு இப்போதே எண்பது வயதுக்கு மேல்.