மான்மயிரும் தூண்டில் முள்ளும்

இறகும் மயிரும் கொண்டு பூச்சியைப் போலச் செய்து மீனை ஏய்க்கும் தூண்டிற்கலை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுப் பழமை உடையது. ஆயினும் அக்கலையில் மான்மயிர் பெற்றிருக்கும் தனியிடம் வட அமெரிக்கா அளித்த கொடை எனலாம்.

தாவரவியலாளர் வில்லியம் பார்ட்ரம் 1791இல் ஃபிலடெல்ஃபியாவில் வெளியிட்ட பயண நூலில், ஃப்ளோரிடாவின் மீன்பிடி முறையொன்று விவரிக்கப்படுகிறது. சிறு தோணியில் இருவர். ஒருவர் ஓசையின்றித் துடுப்பு வலிக்க, மற்றவர் பத்துப் பன்னிரண்டடிக் கழியை நீட்டுகிறார். அதன் நுனியில் குறுங்கயிறு. கயிற்றில் முதுகோடு முதுகாகப் பிணைத்த மூன்று முட்கள். முட்களை மூடியிருப்பவை மானின் வெண்ணிற வால்மயிர், சிவப்புத் துணிக்கிழிசல், பலநிற இறகுகள். இரை என்று எதுவும் இல்லை. நீரை ஒட்டி ஆடும் அக்குஞ்சத்தைப் பெருமீன்கள் பாய்ந்து கவ்வின. பார்ட்ரம் அவற்றை ட்ரவுட் என்றார்; உண்மையில் அவை பாஸ் மீன்கள்.

அந்நாளில் வெண்வால் மான் வணிகர்களுக்கு வெறும் தோல். பழங்குடியினர் வேட்டையாடிய தோல்கள் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குச் சென்றன. மயிரின் மதிப்பை அறிந்தவை ஆற்றங்கரைக் கைகளே.

பின்வந்தோர் வால்மயிரோடு நில்லாமல் உடல்மயிரையும் கையாண்டனர். உடல்மயிரின் உள்ளே காற்றறைகள் நிறைந்துள்ளன. பனிக்காலத்தில் மானின் உடற்சூட்டைக் காக்கும் அக்காற்றே முள்ளையும் மிதக்கச் செய்கிறது. அடிமயிரைச் சீவி நீக்கிய ஒரு கற்றையை முள்ளின் தண்டில் வைத்து, நூலை இருமுறை தளர்வாகச் சுற்றி, பின் மெல்ல இறுக்க வேண்டும். நூல் அழுத்தும் இடத்தில் மயிர் நசுங்கி, இருபுறமும் விரிந்தெழுந்து, தண்டைச் சுற்றிச் சுழலும். இவ்வாறு கற்றை கற்றையாக நெருக்கிக் கட்டியதைக் கத்தரியால் செதுக்கினால் தவளையோ மீன்தலையோ உருவாகும். நூல் நைந்ததாயின் இறுக்கும்போது அறும்; கற்றை பெரிதாயின் சுழலாது.

மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மெசிஞ்சர் இம்முறையில் தவளை செய்து புகழ்பெற்றார். 1930களில் டான் கேப்பன், ஒன்டாரியோவின் நிப்பிகான் ஆற்று ட்ரவுட்டுக்காக, ஸ்கல்பின் மீனைப் போன்ற ‘மட்லர் மின்னோ’வை உருவாக்கினார். மொன்டானாவின் டான் பெய்லி அதைப் பரவலாக்கினார்.

இதற்கிடையே மான் இனமே அருகிப் போயிருந்தது. 1900இல் இயற்றப்பட்ட லேசி சட்டமும் மாநிலங்களின் வேட்டைக் கட்டுப்பாடுகளும் அதை மீட்டன. இன்று கடைகளில் விற்கும் மயிர் அம்மீட்சியின் பயன்.

மெசிஞ்சர், கேப்பன், பெய்லி ஆகிய பெயர்களைத் தூண்டில் வரலாறு பேணி வைத்திருக்கிறது. அத்தோணியில் இருந்தவர்கள் செமினோல் மக்கள் என்பது பின்வந்தோர் துணிபு. அவர்களின் பெயர்களைப் பார்ட்ரம் எழுதவில்லை. குஞ்சத்தின் அளவைக்கூடக் குறித்து வைத்த எழுதுகோல், அதைக் கட்டிய கையைக் குறிக்கவில்லை. கைவினைகளின் வரலாறு பெரும்பாலும் இவ்வாறுதான் எழுதப்பட்டிருக்கிறது.