லிந்துலைப் பீலியும் தில்லிச் செங்கண்மாரியும்

லிந்துலை மலைச்சரிவுகளில் லயத்துக்கு மேலே லயம் அமைந்திருக்கும். மேற்கணக்கின் கழிவுநீர் கீழ்க்கணக்கின் பீலியோடு கலக்கக்கூடிய நில அமைப்பு அது. அந்நீரே பின்னர்க் கொத்மலை ஓயாவாகி மகாவலியைச் சேர்கின்றது. 1916 ஆம் ஆண்டு மாத்தளையில் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம், தோட்டங்களுக்கு மலசலகூடம் இன்றியமையாதது என வற்புறுத்தியது. ஆயினும் அப்புழு மண்வழிப் பரவுவது. எனவே இயக்கத்தின் பார்வை பீலியைவிட வெறுங்காலையே மிகுதியாக நாடிற்று.

நீரின் தூய்மைக்கு உலகம் வேறோர் அளவுகோலை ஏற்றிருந்தது. 1885 இல் எஷெரிக் கண்டறிந்த குடற் பற்றீரியா நீரிற் காணப்படின் அதில் மலம் கலந்துள்ளது. காணப்படாவிடின் நீர் நன்று. எளிய சோதனை, எண்ணற்ற உயிர்களைக் காத்த சோதனையுங்கூட. அதன் குறையைத் தில்லி மாநகர் பெருவிலை கொடுத்து அறிந்தது.

1955 நவம்பரில் நஜப்கர் வாய்க்காலின் கழிவு யமுனையில் எதிர்த்தேறி, வசீராபாத் நீரேற்று நிலையத்தின் வாயிலுட் புகுந்தது. பணியாளர் ஆபத்தை உணர்ந்து குளோரீனைக் கூட்டினர். நெருப்புக்காய்ச்சலோ வயிற்றுளைவோ குறிப்பிடத்தக்க அளவிற் பெருகவில்லை. பற்றீரியாவை அளவுகோலாகக் கொண்டோர்க்கு அது வெற்றியாகவே தோன்றியிருக்கும். ஆனால் டிசம்பர் பிறந்ததும் செங்கண்மாரி எழுந்தது. ஏறத்தாழ 29,300 பேர் கண் மஞ்சளித்துக் கிடந்தனர். கர்ப்பிணிகளிடையே இறப்பு மிகுந்திருந்தது. கிருமி உடலுட் புகுந்து நோய் வெளிப்படச் சில வாரங்கள் செல்லும். நோயாளர் மருத்துவமனையை அடையுமுன் குற்றமுள்ள நீர் ஓடி மறைந்துவிட்டது.

அக்கிருமி யாதென்பது நெடுங்காலம் புலப்படவில்லை. சேமித்து வைத்த குருதியை ஆராய்ந்தோர், அது ஏ வகை ஈரல் அழற்சி அன்று என 1980 இல் அறிவித்தனர். 1983 இல் சோவியத் அறிஞர் பலயான் நோயாளரின் மலக்கரைசலைத் தாமே பருகி நோயுற்று, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைரசைக் கண்டார். துணிவென்பதா, விபரீதம் என்பதா? இன்று அது ஈ வகை எனப்படுகின்றது.

நீரில் வைரசைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதே. 1940 அளவில் கழிவுநீரைக் குரங்குகளுக்குச் செலுத்தியே போலியோ வைரசை அறிந்தனர். 1949 இல் எண்டர்சும் அவர்தம் துணைவரும் அவ்வைரசை இழைய வளர்ப்பிற் பெருக்கிக் காட்டியபின் வழி எளிதாயிற்று. எனினும் பெருமளவு நீரை மின்னேற்ற வடிகளினூடாகச் செலுத்தி, ஒட்டிய வைரசைச் சிறு கரைசலாகத் திரட்டவேண்டும். பிற்காலத்து மரபணுச் சோதனை சிறு தடயத்தையும் காட்டும்; ஆனால் வைரசு தொற்றும் ஆற்றலுடையதா, செயலிழந்ததா என்பதை அது தனித்துரைக்காது. ஆகவே ஆபத்தைக் கணிப்போர் வைரசின் எண்ணிக்கையோடு பருகும் அளவையும் தொற்றும் வாய்ப்பையும் சேர்த்தெண்ணுவர். பருகுவோர் யாரென்பதும் அக்கணக்கில் இடம்பெறல் வேண்டும். தில்லியிற் கர்ப்பிணிகளுக்கு நேர்ந்ததைச் சராசரி காட்டாது.

2007 இல் மகாவலிக் கரையிலுள்ள கம்பளையில் ஏ வகை ஈரல் அழற்சி பரவியது. கம்பளை நகரம், நோயாளரை எண்ணுதல் அங்கு இயன்றது. தனித்தொரு லயத்தில் நாலைந்து பேர் மஞ்சளித்தால் அதனைக் கொள்ளைநோயெனப் பதிவோர் அரியர். கொதிக்கவைத்த நீரில் இவ்வைரசுகள் அழியும். அதற்கான விறகோ, விடியற் பிரட்டுக்கு முன் கொழுந்தெடுக்கும் பெண்ணே சுமந்துவர வேண்டியது.